அக்காவுக்கு ஒரு சிவப்பு மேகம்

பிப்ரவரி 11

பிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் குழிகளில் மூன்று ஃபிலிம் ரோல் இருப்பதை அத்தான் இன்று கண்டுபிடித்துவிட்டார். "முட்டைய எங்க வைக்கிறது, உன் தலையிலயா?" என்றார். முட்டை வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது, ஃபிலிம் கெட்டுவிடும் என்றேன். டிப்போவில் டைம் கீப்பர் வேலை முடிந்து வந்தால் அடுக்களைதான் அவருக்கு உலகம். நான் மாடியில் குடியிருந்தாலும் எனக்கென்று தனி பிரிட்ஜ் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே முட்டைகளை ஒரு கிண்ணத்துக்கு மாற்றினார்.

காலையில் அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இருட்டில் அவளுக்குப் பார்வை அறவே இல்லை. அது தெரிந்ததுதான். ஓரப் பார்வையும் சுருங்கிக்கொண்டே வருகிறது, போன வருடத்தைவிட இந்த வருடம் நிறையவே. நடுப்பார்வை மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் என்று அத்தான் கேட்டார். "சொல்ல முடியாதுங்க. சில பேருக்குப் பத்து வருஷம், சில பேருக்கு ரெண்டு. பாக்க வேண்டியதெல்லாம் இப்பவே பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர், அக்கா அந்த அறையிலேயே இல்லாததுபோல.

வீட்டுக்கு வந்ததும் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிச் சீருடை, இருபது சட்டை, நாளைக்குக் கொடுக்க வேண்டும். ஊசியில் நூல் கோப்பதில் என்னைவிட அவள் கெட்டி. ஆனால் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தரிக்கோலைத் தடவித்தான் எடுக்கிறாள். ஆறாவது சட்டையில் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "நீ போய் நட்சத்திரம் எடுக்கிறியே, அதுல கலர் வருமா?"

வரும் என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணு எடுத்துக் குடேன்."

பிப்ரவரி 12

வரும் என்று சொல்லிவிட்டேனே தவிர, நான் இதுவரை கலரில் எடுத்ததில்லை. பதினெட்டு வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவளுக்குக் கறுப்பு வெள்ளைதான் கைக்கு வரும். அந்த மூன்று கலர் ரோலும் ஆசைப்பட்டு வாங்கி, தைரியம் வராமல் முட்டைக் குழியில் தூங்கவிட்டவை.

ஏன் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அக்கா ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது அப்போது தெரியாது. சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று நான் விரலை நீட்டி, அதோ அது தெரியுதா, இதோ இது தெரியுதா என்று கேட்பேன். "தெரியுது, தெரியுது" என்பாள். படியில் இறங்கும்போது தடுக்கி விழுவாள். கண்ணு பிடரியிலயா இருக்கு என்று அப்பா திட்டுவார். அவளுக்கு முப்பது வயதானபோதுதான் ஒரு டாக்டர் அவள் நோய்க்குச் சரியான பெயர் சொன்னார். அன்றைக்குத்தான் என்னிடம் ஒப்புக்கொண்டாள்: "ஒண்ணும் தெரிஞ்சதில்லடி. உனக்கு ஏன் ஏமாத்தம்னு சொன்னேன்."

எடுக்க வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனுசு ராசிப் பக்கம் ஒரு பெரிய வாயு மேகம் இருக்கிறது. நெபுலா. வெறும் கண்ணுக்கு வெளிறிய புகைத் திட்டு. ஃபிலிமுக்குத்தான் அது சிவப்பு. மார்ச்சிலிருந்து விடியலுக்கு முன் நன்றாக உயர்ந்து நிற்கும். மழைக்காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

பெரிதாக அச்சுப் போட்டு, அவள் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டப்போகிறேன். முப்பது அங்குலம். பார்வை குறைந்தவள், சிறிதாகக் கொடுத்தால் என்ன தெரியும்?

பிப்ரவரி 14

மூன்று ரோலுக்கும் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையே பெயராக வைத்துவிட்டேன். நூறு, இருநூறு, நானூறு. எண் கூடக்கூட வெளிச்சத்தை வேகமாகப் பிடிக்கும், ஆனால் பெரிதாக்கினால் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். நூறு மந்தம், ஆனால் வழவழப்பு.

நேற்று மாலை ஏழரைக்கு நீர்த்தேக்கத்துக் கரைக்குப் போனேன். ஊர் விளக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். சோதித்துப் பார்க்க, மாலையில் தெரியும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் நெபுலாவை ஒவ்வொரு ரோலிலும் பத்துப் பத்து நிமிடம் எடுத்தேன். ரோலின் முதல் படம் மட்டும் பகலிலேயே எடுத்த சாதாரணப் படம்: மெஷினில் அக்கா. லேப்பில் வெட்டுகிறவருக்கு ஒரு படம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமே. கறுப்பு வானத்தைப் பார்த்தால் அவர் நட்சத்திரத்தின் நடுவில் கத்தரி வைத்துவிடுவார்.

பிப்ரவரி 19

லேப்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொடுத்தார். "மேடம், ஃபேமிலி போட்டோ மூணும் சூப்பர். மத்ததுல படமே விழல. ஃப்ளாஷ் போட மறந்துட்டீங்களா?"

வானத்துக்கு ஃப்ளாஷ்! சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கி வந்தேன்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் அக்காவை உட்காரவைத்துத் துண்டுகளைக் கொடுத்தேன். ஸ்லைடு ஃபிலிம், நெகட்டிவ் கிடையாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிஜ நிறமே தெரியும். நிறத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. முப்பது வருடமாகத் துணிக்கு நூல் பொருத்துகிறவள். நூல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வானத்துக் கறுப்பைத் தொட்டு, "இது கறுப்பு இல்லடி, பாசி" என்று கரும்பச்சை நூல்கண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசலாக அதே நிறம். இருநூறுக்குச் சிவப்பே தெரியவில்லை, வெறும் ரோஜா. நானூறில் சிவப்பு நன்றாக இருந்தது, ஆனால் என் லென்ஸில் பார்த்தால் ஒரே மணல். நூறில் மணல் இல்லை. சிவப்பு இருக்கிறது, சோகை பிடித்த சிவப்பு.

கோளாறு ஃபிலிமின் இயல்பில் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். முதல் நிமிடம் வாங்கியதில் பாதிகூடப் பத்தாவது நிமிடத்தில் வாங்காது. கலர் ஃபிலிமில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று அடுக்கு. மூன்றும் சேர்ந்து தூங்கினாலாவது பரவாயில்லை, ஒன்று தூங்கி ஒன்று விழித்திருப்பதால்தான் வானம் பாசி பிடிக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். நூறுதான். சுவரளவு படத்தில் மணல் கூடாது. அதன் சோர்வை நான் போக்குகிறேன்.

பிப்ரவரி 25

அத்தானின் குக்கரை எடுத்துக்கொண்டேன். இன்று வீட்டில் உருளைக்கிழங்கு வேகவில்லை, அத்தான்தான் வெந்தார்.

ஃபிலிமில் தங்கியிருக்கும் ஈரமும் ஆக்சிஜனும்தான் சோர்வுக்குக் காரணமாம். காற்றை முழுதாக உறிஞ்சிவிட்டு, நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த வாயுவை நிரப்பி, ஐம்பது டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்தால் அதற்குத் தெம்பு வரும். வாயு வெல்டிங் பட்டறையில் கிடைத்தது. சூட்டுக்கு ஒரு பலகைப் பெட்டியும் நாற்பது வாட் பல்பும் போதும். காற்றும் வெளிச்சமும் புகாத பாத்திரம் வேண்டும். வீட்டில் குக்கரைவிட வேறு என்ன இருக்கிறது?

"நெபுலாவை வேகவைக்கப் போறியா?" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். டாக்டரிடம் போய் வந்த பிறகு இன்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

மார்ச் 3

பிரிட்ஜ் மெக்கானிக் பழைய கம்ப்ரசர் ஒன்றைக் காற்று உறிஞ்சும் பம்பாக மாற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் அவருக்கு சிஸ்டர்தான். நான் நர்ஸ் இல்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

"சிஸ்டர், குக்கர் உள்ளேருந்து வெளிய தள்ளுறதுக்குச் செஞ்சது. நீங்க வெளியேருந்து உள்ள இழுக்கச் சொல்றீங்க. மூடி எப்படி நிக்கும்?" நியாயமான கேள்வி. தடித்த ரப்பர் வளையம் வைத்து, மூடியைச் சுற்றி நான்கு கவ்வி போட்டார். வெயிட் போடும் குழாயில் பிரிட்ஜ் வால்வு ஒன்று ஏறியது. மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், கசிவு இல்லை. மனிதர் கெட்டிக்காரர்.

மார்ச் 9

நேற்று ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரி டார்க் ரூமில் வேலை. பொறுப்பு டாக்டரிடம் கேட்டுத்தான். புதிதாக வாங்கிய நூறு ரோலைப் பெட்டியிலிருந்து உருவி, வாயு எல்லாப் பக்கமும் படும்படி ரீலில் தளர்வாகச் சுற்ற வேண்டும். பாதியில் ஓரம் மடங்கி நிற்பதைப் பார்த்து, பிரித்து மறுபடி சுற்றினேன். குக்கருக்குள் வைத்து மூடி, ஸ்கூட்டரில் மடியில் பிள்ளையைப்போல வைத்துக்கொண்டு வந்தேன். காற்றை உறிஞ்சி, வாயு ஏற்றி, பல்பைப் போட்டேன். இருபத்து நான்கு மணி நேரம்.

இன்று மதியம் திரும்பவும் டார்க் ரூம். ரோலைப் பழையபடி பெட்டிக்குள் சுற்றி உறையில் போட்டாயிற்று. தெம்பு ஏற்றிய ஃபிலிம் சில நாள்தான் தாங்கும். அமாவாசை பன்னிரண்டாம் தேதி. கணக்கு சரியாக இருக்கிறது.

மார்ச் 13

விடியற்காலை எடுத்துவிட்டேன். ஐம்பது நிமிடம். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது.

மார்ச் 17

எல்லாம் சிவப்பு.

மேகம் மட்டுமல்ல, வானம், நட்சத்திரம், முதல் படத்தில் அக்காவின் முகம், எல்லாம். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல. லேப்காரர், "இது வேற மாதிரி கலையா மேடம்?" என்று கேட்டார். துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா துண்டை வாங்கி ஒரு நொடி பார்த்தாள். "சிவப்பு வேணும்னு கேட்டது நானா நீயா?" என்றாள். விளையாட்டாகத்தான். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 18

மெக்கானிக்கைக் கடையில் போய்ப் பிடித்தேன். மூடி கசிந்திருக்கிறது, வெளிச்சம் புகுந்திருக்கிறது, கை சுத்தம் இல்லாத வேலை என்றெல்லாம் பேசிவிட்டேன். வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "குக்கரைக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

மார்ச் 20

குக்கருக்குள் டார்ச் எரியவிட்டு, போர்வைக்குள் புகுந்து பார்த்தாராம். ஊசிமுனை வெளிச்சம்கூட வெளியே வரவில்லையாம். வாயு சரியில்லையா? சூடு அதிகமா? சூடு அதிகமானால் வானம் வெளிறும், இப்படி ரத்தமாக வராது. மண்டை வெடிக்கிறது.

மார்ச் 22

இந்த நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்த நாள் என்ன செய்தேன் என்று ஒரு பட்டியல் போடலாமே என்று.

மார்ச் 9. "ஓரம் மடங்கி நிற்பதைப் பார்த்து."

பார்த்து!

கலர் ஃபிலிமை முழு இருட்டில் கையாள வேண்டும். முழு இருட்டில் எப்படிப் பார்த்தேன்? எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கு தெரியாது. அதனால் எங்கள் டார்க் ரூமில் எப்போதும் சிவப்பு விளக்கு எரியும். கதவைச் சாத்தியதும் என் கை தானாகப் போய் அந்த சுவிட்சைப் போடும். பதினெட்டு வருடமாகப் போடுகிறது. அது எனக்கு வெளிச்சமே இல்லை. அதுதான் என் இருட்டு. சிவப்பை நன்றாகப் பார்க்கும் ஃபிலிம் வேண்டும் என்று தேடித் தேடி எடுத்து, அதைச் சிவப்பு விளக்குக்குக் கீழே உட்காரவைத்து அலங்காரம் செய்திருக்கிறேன்.

ஐயோ, அந்த மனிதரை ஏசினேனே!

மார்ச் 23

காலையில் முதல் வேலையாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதே கடையில், வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால். அவர் சிரித்தார். "மெஷின்ல தப்புன்னா ஸ்பேர் போட்டுச் சரி பண்ணிடலாம் சிஸ்டர். ஆளுக்கு ஸ்பேர் கிடைக்காது." பிறகு டார்க் ரூம் சுவிட்சுக்கு மேல் ஒட்ட ஒரு கறுப்பு டேப்பும் கொடுத்தார். இனி அவர் என்னை சிஸ்டர் என்றே கூப்பிடட்டும்.

ஏப்ரல் 6

இன்னொரு புது நூறு ரோல் வாங்கி, மூன்று சின்னத் துண்டு வெட்டிக் குக்கரில் வைத்தேன். பன்னிரண்டு மணி நேரம், இருபத்து நான்கு, முப்பத்தாறு. அதிகம் வேகவைத்தால் வானத்தின் கறுப்பு வெளுத்துப் போகும், குறைந்தால் தெம்பு போதாது. லேப்பிலிருந்து வந்ததும் மூன்றையும் அக்காவிடம் வரிசை மாற்றிக் கொடுத்தேன். எது எது என்று சொல்லவில்லை.

கறுப்பு நூல்கண்டைப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைத் தள்ளினாள்: "இது பத்து தடவை துவைச்ச கறுப்பு." அதுதான் முப்பத்தாறு. இன்னொன்றை எடுத்து, "இது புதுத்துணி" என்றாள். பன்னிரண்டு. நடுவில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஒரு தடவை நனைச்சது. தைக்கலாம்" என்றாள்.

இருபத்து நான்கு மணி நேரம். நானும் லைட் பாக்ஸில் வைத்து அரை நாள் பார்த்து அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன்.

ஏப்ரல் 12

விடிந்து வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். இந்தத் தடவை அத்தானும் வந்தார். தொலைநோக்கியின் பின்னால் கேமரா. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குழாயில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியின் நடுவிலேயே பிடித்து வைக்க வேண்டும். வானத்தோடு தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் கொஞ்சம் பிசகினாலும் நான் பொத்தானைத் தட்டித் திருத்த வேண்டும். ஐம்பது நிமிடம் கண்ணை எடுக்க முடியாது. அத்தான் கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"அவளும் வர்றேன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். இருட்டுல கூட்டிட்டு வந்து என்னத்தக் காட்டுறது?"

நான் பொத்தானைத் தட்டினேன்.

"தினம் படுக்கறதுக்கு முன்னாடி நாற்காலி எல்லாத்தையும் மேசைக்கு அடியில தள்ளிட்டுத்தான் படுக்கறேன். அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நேத்து சொல்றா, ஒண்ண மறந்துட்டீங்கன்னு."

அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. எனக்கும் கண் கலங்கி நட்சத்திரம் இரண்டாகப் பிரிந்தது. துடைக்கக் கை இல்லை. எந்த நட்சத்திரம் நிஜம் என்று ஊகித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16

வந்துவிட்டது! வந்துவிட்டது!

மேகம் சிவப்பு, வானம் கறுப்பு, நட்சத்திரங்கள் ஊசி குத்தியது போல. ஒன்றுகூட இழுபடவில்லை. லேப்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இந்தத் தடவை படம் விழுந்திருக்கு மேடம்." முப்பது அங்குல அச்சுக்குச் சொன்னேன். பெரிய ஊர் லேபுக்கு அனுப்ப வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். தன் கடைக்கும் ஒன்று மாட்ட ஆசையாம்.

அக்காவிடம் ஸ்லைடைக் காட்டவில்லை. சுவரில் மாட்டியபிறகு பார்க்கட்டும். உண்மையைச் சொன்னால், அவள் முகம் மலர்வதை மட்டுமல்ல, சட்டை தைக்க வருகிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 30

மாட்டியாயிற்று. அவளை மெஷினில் உட்காரவைத்து, போர்த்தியிருந்த துணியை இழுத்தேன்.

அவள் தலையை இடது பக்கம் திருப்பினாள். பிறகு வலது. மேலே, கீழே. எழுந்து கிட்டே போனாள். கிட்டே போகப்போகத் தலை அதிகம் அசைந்தது. கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவள்போல அந்தப் படத்தைத் தேடினாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் நின்ற இடத்துக்கு ஒரு அடி தள்ளிப் பார்த்துச் சிரித்தாள்.

"தெரியுது, தெரியுது. ரொம்ப நல்லா இருக்குடி."

மொட்டை மாடியில் கேட்ட குரல்.

மே 1

தூக்கமில்லை. அடுக்களையில் அத்தான் சொன்னார்: "நேத்து நீ போனதும் விரலால தடவிப் பாத்தா. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு என்கிட்ட கேட்டா."

பெருசா இருந்தா நல்லாத் தெரியும்னு எந்தக் கழுதை சொன்னது? இந்தக் கழுதைதான். அவளுக்குப் பார்வை மங்கல, சுருங்குது. சாவித் துவாரத்து வழியாப் பாக்குறவளுக்குக் கதவளவு படத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கேன். டாக்டர் சொன்னதை நானே இந்த நோட்டில் எழுதியிருக்கேன். ஊசியில் நூல் கோப்பாள், கத்தரிக்கோல் தெரியாது என்று என் கையாலேயே எழுதியிருக்கேன். எழுதியும் புரியலேன்னா எதுக்கு எழுதறேன்?

தபால்தலை அளவுத் துண்டுகளை அவள் எத்தனை சுலபமாகப் பார்த்து நிறம் சொன்னாள்! இரண்டு மாதமாக என் கண் முன்னால்தான் நடந்தது.

மே 2

அக்காவிடம் போய், "உனக்கு அது தெரியலைதானே?" என்று கேட்டேன். சண்டை வந்துவிட்டது.

"தெரியலதான். என்ன பண்ணணும்ங்கிற? கஷ்டப்பட்டு எடுத்துட்டு வந்து நிக்கிற. தெரியலன்னு சொன்னா நீ தாங்குவியா?"

"சொல்லியிருக்கலாம்ல!"

"நீ கேட்டியா? எனக்கு எவ்வளவு தெரியும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா? பாவம் பாவம்னு எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க. ஒருத்தராவது கேட்டதில்ல."

கேட்டதில்லை. பயம்தான். அளவு தெரிந்தால் குறைவதும் தெரியுமே என்ற பயம். அதையும் அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் மெஷினில் இருந்த சட்டையை உருவி மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

சட்டைப்பையில் ஸ்லைடு இருந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். தலை அசையவே இல்லை.

எத்தனை நேரம் என்று தெரியாது. அத்தான் கரண்டியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அக்காவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இவ்வளவுதானா இது? இவ்வளவும் இதுக்குள்ளயா இருக்கு?" என்றாள். பிறகு, "பெரிய சிவப்பு ஒண்ணு. மேல தள்ளிச் சின்னதா இன்னொரு சிவப்பு. அதுல ஒரு நீலம் ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன?"

நீலமா? நான் பிடுங்காத குறையாக வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. சின்ன மேகத்தின் ஓரத்தில், தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டதுபோல. சிவப்பு வருகிறதா, மணல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நான் நீலத்தைப் பார்க்கவே இல்லை. பெரிய அச்சில் அது அடிபட்டுப் போயிருந்தது. அவள் அதற்குள் நூல் பெட்டியைத் திறந்து, மூன்று நீலக் கண்டுகளைத் தள்ளிவிட்டு நான்காவதை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதுதான். தெரியுதா உனக்கு?"

மே 4

இன்று கேட்டேன். எவ்வளவு தெரியும் என்று.

ஆஸ்பத்திரியில் செய்வது போலத்தான். அவள் மெஷினில் நேராக உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் நான் வைத்த ஒரு புள்ளியையே பார்த்தாள். துணியில் கோடு போட அவள் வைத்திருக்கும் சோப்புத் துண்டை நான் எட்டத்திலிருந்து மெல்ல உள்ளே நகர்த்திக்கொண்டு வந்தேன். கண்ணில் பட்டதும் "ம்" என்பாள். அந்த இடத்தில் ஒரு குறி. மேலிருந்து, கீழிருந்து, இரண்டு பக்கத்திலிருந்தும். "ம்" வர நேரம் ஆக ஆக நான் சோப்பை இன்னும் மெதுவாக நகர்த்தினேன். எட்டுக் குறிகளையும் சேர்த்துக் கோடு இழுத்தேன்.

ஒரு சின்னத் தட்டின் அளவு. கொஞ்சம் கோணல், இடது பக்கம் சப்பை.

அத்தான் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா எழுந்து கிட்டே வந்து கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். ஓரம் தைத்த துணியைச் சரிபார்ப்பதுபோல, அவசரமில்லாமல், ஒரு முழுச் சுற்று. "சரி. இவ்வளவு இருக்கு" என்றாள். ஸ்லைடை வட்டத்துக்குள் ஒட்டச் சொல்லிவிட்டுத் திரும்ப நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மே 6

பெரிய அச்சை லேப்காரர் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். கடை வாசலில் மாட்டிவிட்டாராம். ஃப்ளாஷ் போடாமல் எடுத்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு கொடுக்கிறாராம்.

இந்த அளவுக்கு நானூறே போதும். கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். மணலாவது மண்ணாங்கட்டியாவது.

மே 9

வேலையிலிருந்து வந்தபோது அக்கா ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கி, வட்டத்துக்குள் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"வட்டத்துல இன்னும் மூணு வைக்கலாம். அளந்து பாத்துட்டேன்" என்றாள்.

எந்த மூன்று வேண்டும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உன் வேலை. ஒண்ணு மட்டும் பச்சையா இருக்கட்டும்."

வானத்தில் பச்சை அபூர்வம், அதைச் சரியாகப் பிடிக்கிற ஃபிலிமும் அபூர்வம், எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றேன்.

காலரை மெஷினுக்கு அடியில் வைத்து, காலை மிதிபலகையில் அழுத்தினாள்.

"தேடு" என்றாள்.